வெஸ்லியின் மூன்று விதிகளும் நமது உயில்களும்

முன்னுரை

அறுப்பின் பண்டிகை நாள்களிலும் உக்கிராணத்துவ ஞாயிறுகளிலும் நம் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி ஒலிக்கும் வாசகம் ஒன்றுண்டு. இயன்றவரை சம்பாதிக்கவேண்டும், இயன்றவரை சேமிக்கவேண்டும், இயன்றவரை கொடுக்கவேண்டும் என்று ஜான் வெஸ்லி வகுத்த மூன்று விதிகளே அவை. நாட்காட்டிகளிலும் காணிக்கை உறைகளிலும் இவை அச்சாகியுள்ளன. நாமும் பலமுறை இவற்றை எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் இவ்விதிகள் இடம்பெறும் அருளுரையை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தவர் நம்மில் எத்தனை பேர்? வாசித்தவரும், அதன் நடுப்பகுதியில் பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துப்போவதைக் குறித்து வெஸ்லி கூறுவதைச் சபைக்கு எடுத்துரைத்ததுண்டா?

இவ்வினாவை எழுப்பக் காரணமான நிகழ்ச்சி ஒன்றைக் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கிராமச் சேகரத்தில் ஆயராய்ப் பணியாற்றியபோது, சபையில் மதிப்புப் பெற்றிருந்த பெரியவர் ஒருவர் நோயுற்றுக் கிடந்தார். வெஸ்லியின் மூன்று விதிகளை மனப்பாடமாய்ச் சொல்லக்கூடியவர் அவர். தம் உயிலுக்குச் சாட்சியாகக் கையொப்பமிட நம்மை அழைத்தார். வீடும் வயலும் கடையும் இரு ஆண்மக்களுக்கு. ஒரு தொகை ஆலயக் கோபுரத் திருப்பணிக்கு. பெண்மக்கள் மூவருக்கும் நகை போட்டுத் திருமணம் செய்துகொடுத்தாயிற்று, ஆகவே அவர்களுக்கு வேறு உரிமை இல்லை. இவ்வாறு எழுதப்பட்டிருந்தது. நாம் ஜெபித்தோம்; கையொப்பமிட்டோம்; கோபுர நிதிக்காக நன்றியும் கூறினோம்.

அடக்க ஆராதனை முடிந்து சில வாரங்களுக்குப்பின் அவருடைய இரண்டாம் மகள் நம்மிடம் வந்தார். இளம் வயதில் விதவையானவர். தந்தையின் இறுதி மாதங்களில் அருகிருந்து பணிவிடை செய்தவர். “ஐயா, அப்பா எனக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லையே என்று நான் கேட்க வரவில்லை. அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்” என்றார். அன்று அவருக்கு விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் வெஸ்லியின் அருளுரையை முழுமையாய்க் கற்கத் தொடங்கியதற்கு அக்கேள்வியே காரணம். அவ்வாசிப்பின் பயனை ஈண்டு ஆய்வாக முன்வைக்கிறோம்.

அருளுரையின் அமைப்பு

‘பணத்தின் உபயோகம்’ என்னும் இவ்வருளுரை 1760-இல் வெஸ்லியின் பிரசங்கத் தொகுப்பில் அச்சேறியது. லூக்கா 16:9-இல் அநீதியான உலகப்பொருளால் நண்பரைச் சம்பாதிப்பதைக் குறித்து ஆண்டவர் கூறியது இதன் ஆதார வசனம். மூன்று விதிகளுக்கேற்ப மூன்று பகுதிகளாய் இது அமைந்துள்ளது.

முதற்பகுதியில் சம்பாத்தியத்திற்குக் கடுமையான வரம்புகள் இடப்படுகின்றன. நம் உடல்நலத்தையும் மனச்சாட்சியையும் கெடுத்துப் பொருள் ஈட்டலாகாது. அயலானின் உடைமைக்கும் உடலுக்கும் ஆன்மாவுக்கும் தீங்கிழைத்து ஈட்டலாகாது. அடகுத்தொழிலையும், போட்டியாளரை வீழ்த்தச் சந்தை விலைக்குக் கீழே விற்பதையும் வெஸ்லி கண்டிக்கிறார். மதுபானம் விற்றுச் செல்வரானோரைப் பேசும்போது அவர் குரல் தீர்க்கதரிசியின் குரலாகவே மாறுகிறது. அவர்களுடைய தோட்டங்களிலும் மாளிகைகளிலும் இரத்தம் படிந்திருப்பதாகவும், அச்சொத்து மூன்றாம் தலைமுறைக்குப் போய்ச் சேராது எனவும் எச்சரிக்கிறார். தலைமுறைச் சொத்து என்னும் பொருள் அருளுரையில் முதன்முதல் தலைகாட்டுவது இவ்விடத்தில்தான். ஒருவர் தம் பிள்ளைகளுக்கு எவ்வளவு வைத்துப்போகிறார் என்பதற்கு முன்னதாக, அது எவ்வாறு வந்தது என வெஸ்லி கேட்கிறார்.

இரண்டாம் பகுதி சேமிப்பைப் பற்றியது. சேமிப்பு என்றவுடன் வங்கிக் கணக்கு நம் நினைவுக்கு வருகிறது. வெஸ்லியின் கருத்து அதுவன்று. மாம்ச இச்சைக்கும் கண்களின் இச்சைக்கும் ஜீவனத்தின் பெருமைக்கும் பணத்தை வீணாக்காதிருப்பதையே அவர் இச்சொல்லால் குறிக்கிறார். உமக்காக வீணாக்காததைப் பிள்ளைகளுக்காக ஏன் வீணாக்குகிறீர் என்னும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. விலையுயர்ந்த உணவாலும் உடையாலும் அவர்களுக்குப் பெருமையையும் இச்சையையும் விலைகொடுத்து வாங்கித் தராதீர். இறந்தபின்னும் வீணடிக்கும்படி அவர்கள் கையில் விட்டுச்செல்லாதீர் என்கிறார்.

அப்படியாயின் செல்வமுடைய தந்தை செய்யத்தக்கது யாது? மூத்தவராயினும் இளையவராயினும், பணத்தின் உண்மையான பயனை அறிந்த பிள்ளை ஒன்றிருந்தால் சொத்தின் பெரும்பகுதியை அப்பிள்ளைக்கும், மற்றவர்களுக்கு அவர்கள் பழகிய வாழ்வைத் தொடரப் போதுமானதையும் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் எல்லாருமே அப்பயனை அறியாதவர்களாயின், ஒவ்வொருவருக்கும் வறுமை அணுகாத அளவுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தேவமகிமைக்குச் செலவிடவேண்டும். இது கடினமான உபதேசம் என்பதை வெஸ்லியே ஒப்புக்கொள்கிறார். மூன்றாம் பகுதி, நாம் உடைமைக்காரர் அல்லர், உக்கிராணக்காரரே எனக் கூறி, தன் குடும்பம், விசுவாச வீட்டார், எல்லா மனிதர் என்னும் வரிசையில் கொடுத்தலை விளக்குகிறது.

அருளுரையின் வலிமை

இவ்வருளுரையின் முதற்சிறப்பு, அது சொத்தைப் பிறப்புரிமையாக எண்ணவில்லை என்பது. அக்கால இங்கிலாந்தில் உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனையே சேர்ந்தது. அச்சட்டம் நிலவிய நாட்டில், மூத்தவராயினும் இளையவராயினும் என வெஸ்லி எழுதியது சிறிய காரியமன்று. மகன் என்று கூறாமல் பிள்ளை என்னும் பொதுச்சொல்லை அவர் ஆண்டிருப்பதும் நோக்கத்தக்கது.

இரண்டாவது, தாம் போதித்ததை அவர் கடைப்பிடித்தார். ஆண்டுக்கு 30 பவுன் வருமானமுள்ள ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவர் 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்ததையும், வருமானம் 60 ஆகவும் 90 ஆகவும் 120 ஆகவும் உயர்ந்தபோதும் அதே 28 பவுனில் வாழ்ந்து எஞ்சியதையெல்லாம் கொடுத்ததையும் 1787-இல் வெளிவந்த ஓர் அருளுரையில் படர்க்கையில் கூறுகிறார். அம்மாணவர் அவரே எனக் கொள்வர். நூல்களால் பெரும்பொருள் ஈட்டியும் 1791-இல் இறக்கும்போது அவர் விட்டுச்சென்றது சொற்பமே. ஆடம்பர வண்டியின்றித் தம் உடலைச் சுமந்துசெல்லும் ஏழைகள் அறுவருக்கு ஆளுக்கு ஒரு பவுன் கொடுக்கும்படி அவர் எழுதிவைத்தார்.

மூன்றாவது, தம் இயக்கத்தின் தோல்வியை அவர் மறைக்கவில்லை. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கிறது. அவை செல்வத்தைப் பிறப்பிக்கின்றன. செல்வமோ பக்தியை விழுங்குகிறது என்று 1786-இல் எழுதினார். மாக்ஸ் வெபர் தம் புகழ்பெற்ற ஆய்வில் எடுத்தாள்வது இப்பகுதியையே. முதல் விதியைக் கைக்கொள்வோர் பலர், இரண்டாம் விதியைக் கைக்கொள்வோர் சிலர், மூன்றாம் விதியைக் கைக்கொள்வோர் மிகச் சிலர் என 1789-இல் மனம் வருந்தினார். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் மருத்துவமனையில் பிழைத்து, மூன்று தலைமுறைகளில் கூரைவீட்டிலிருந்து மாடிவீட்டுக்கு உயர்ந்த நம் சபைக் குடும்பங்களுக்கு இவ்வரிகளின் பொருள் விளங்காமற் போகாது.

அருளுரையின் குறைகள்

எனினும் இவ்வருளுரையை அப்படியே ஏற்க நம்மால் இயலவில்லை. நான்கு குறைகளைச் சுட்டுவோம்.

முதலாவது, எப்பிள்ளை பணத்தின் பயனை அறிந்தது எனத் தீர்ப்பவர் யார்? தந்தையே. தந்தையின் கண் மங்குவதைத் திருமறை நமக்கு மறைக்கவில்லை. ஈசாக்கு கைதடவி ஏமாந்தார். கெட்ட குமாரன் உவமையில், பணத்தின் அருமையை அறிந்தவனாய், ஆட்டுக்குட்டிக் கணக்குவரை நினைவில் வைத்திருந்தவன் மூத்த மகன். ஆனால் அவன் வீட்டுக்குள் வர மறுத்தான். தனக்குப்பின் வருபவன் ஞானியோ மூடனோ யாரறிவார் எனப் பிரசங்கி 2:18, 19 பெருமூச்சு விடுகிறது. பக்திக்குச் சொத்தே பரிசு என அறிந்த வீட்டில் பக்தி வளருமா, பாசாங்கு வளருமா? வெஸ்லிக்குத் தாம் பெற்ற பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் நோக்கும் பார்வையை இவ்வருளுரை கணக்கில் எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது, கொடுத்தலைப் பேசுமளவுக்கு நீதியைப் பேசவில்லை. பிள்ளைகளுக்குச் சேருவதனைத்தும் தந்தையின் விருப்பக்கொடையாகவே இங்குக் காட்டப்படுகிறது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் மோசேயின் முன்நின்று கேட்டது கொடையன்று, உரிமை. அவர்கள் கேட்பது நியாயம் எனக் கர்த்தரே தீர்ப்பளித்ததாக எண்ணாகமம் 27 கூறுகிறது. சகோதரர் இல்லாதபோது மட்டுமே அவ்வுரிமை எனவும், எண்ணாகமம் 36 அதற்கும் வரம்பிட்டது எனவும் சிலர் மறுப்பர், அது மெய்யே. ஆனால் யோபு 42-ஐயும் வாசிக்கவேண்டும். யோபுக்கு ஏழு குமாரர் இருந்தனர். இருந்தும் எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் ஆகிய மூவருக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். துன்பத்தில் தேவனைக் கண்ட மனிதர் செய்த முதற்காரியங்களுள் இது ஒன்று.

இங்கு நம் மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம் பழைய மொழிபெயர்ப்பில் வாரிசுரிமைக்கு வழங்கும் சொல் சுதந்தரம். இளைஞர் அதனை விடுதலை எனப் பொருள்கொண்டு மயங்குவதை வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்கிறோம். மொழியளவில் அது பிழையே. ஆயினும் பங்கு மறுக்கப்பட்ட மகளுக்கு இவ்விரு பொருளும் ஒன்றையொன்று நெருங்கியே நிற்கின்றன.

மூன்றாவது, பணத்தின் பயனைப் பிள்ளை எவ்வாறு அறிந்துகொள்ளும் என்பதை இவ்வருளுரை கூறவில்லை. அதற்கு விடை வெஸ்லி பிறந்த எப்வொர்த் குருமனையிலேயே உண்டு. தந்தை சாமுவேல் 1705-இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையிலிருந்தார். 1709-இல் அவ்வீடு எரிந்து சாம்பலாயிற்று. ஆக, அவ்வீட்டார் தலைமுறைக்குக் கையளிக்கச் சொத்தென்று ஒன்றுமில்லை. தாய் சூசன்னாவோ வாரத்தில் ஒரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்குமென ஒதுக்கித் தனியே உரையாடினார்; ஜானுக்கு வியாழக்கிழமை. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்கும்வரை அவளைத் தையல் முதலிய வேலைகளில் ஈடுபடுத்தலாகாது என்பதும் அவ்வீட்டு விதிகளுள் ஒன்று என 1732-இல் அவர் மகனுக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு முன் லோவிசாளும் ஐனிக்கேயாளும் நின்றதுபோல, வெஸ்லியின் மூன்று விதிகளுக்கு முன் ஒரு தாயின் வியாழக்கிழமை மாலைகள் நிற்கின்றன.

அவ்வீட்டையும் முழுமையாய்ப் புகழ இயலாது. எட்டு வயதில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசித்ததாகக் கூறப்படும் மகள் மெகெத்தபெல், தந்தையின் கோபத்துக்கு ஆளாகி, 1725-இல் தமக்குச் சற்றும் ஒவ்வாத ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு வாழ்நாளெல்லாம் துன்புற்றார். கல்வியைக் கொடுத்த வீடு, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜான் அச்சகோதரிக்காகத் தம் தந்தையின் திருப்பணி எல்லைக்குள்ளேயே அருளுரை நிகழ்த்தினார் என்பது அவருக்குப் பெருமை. அந்நீதியுணர்வு பணத்தைப் பற்றிய அருளுரையிலும் ஒலித்திருக்கலாம்.

நான்காவது, எஞ்சியதைத் தேவமகிமைக்குச் செலவிடும்படி அறிவுறுத்தும் வெஸ்லி, அதைப் பெற்றுக்கொள்ளும் திருச்சபைக்கு எச்சரிக்கை ஒன்றும் இங்குத் தரவில்லை. இதில் அகுஸ்தீன் அவரினும் மேலானவர் எனத் துணிந்து கூறுவோம். யனுவாரியு என்னும் குரு தம் மகனையும் மகளையும் விலக்கிவிட்டுத் தம் சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்தபோது, அகுஸ்தீன் அதை ஏற்க மறுத்தார். ஒரு மகனுடையவர் கிறிஸ்துவை இரண்டாம் மகனாகவும், இரு மக்களுடையவர் மூன்றாம் மகனாகவும் எண்ணிப் பங்கிடட்டும் என்பது அவர் ஆலோசனை. கிறிஸ்துவுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் பிள்ளையின் பங்கைப் பறித்தன்று. கொர்பான் எனச் சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டோரை ஆண்டவர் கண்டித்த நியாயம் (மாற்கு 7:9-13) பிள்ளைகளைக் கைவிடுவோருக்கும் பொருந்தும்.

நம் நாட்டு நிலை

இவ்வாய்வு நூலகத்தோடு முடிவதன்று. கிறிஸ்தவருக்குரிய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலின்றி இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மூன்றில் இரு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். ஆண், பெண் என்னும் வேறுபாடின்றிப் பிள்ளைகள் சமமாய்ப் பெறுவர்.

திருவிதாங்கூரில் நிலை வேறாயிருந்தது. 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் பெற்றிருந்தால் அதுவுமில்லை. இச்சட்டமே, ஆணும் பெண்ணும் சமமாய்ப் பங்கிடும் வழக்கமுடைய சில வட்டாரக் கிறிஸ்தவருக்கு விலக்களித்தது. ஆகவே சமபங்கு மேலைநாட்டுச் சரக்கு என்பார் கூற்று நிற்காது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின்னும் அங்குள்ள கிறிஸ்தவருக்கு எச்சட்டம் என்னும் வழக்கு நீடித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24-இல் உச்சநீதிமன்றம், பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாததாயிற்று எனத் தீர்ப்பளித்தது. இதனைத் திருச்சபையினர் எல்லாரும் நன்றியோடு வரவேற்றார்கள் எனச் சொல்ல இயலாது. கேரளத்தில் எதிர்ப்புக் குரல்கள் சபைகளுக்குள்ளிருந்தே எழுந்தன. மகளைத் தவிர்க்க உயில் எழுதுவதே வழி என்னும் ஆலோசனையும் பரவியது.

இங்கேதான் வழி தவறுகிறது. நம் சட்டத்தில் கிறிஸ்தவத் தந்தை தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். மகளுக்கெனக் காத்துவைக்கப்பட்ட பங்கு ஏதுமில்லை. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் உறுதியாயிற்று. உயில் ஒன்றாலேயே முற்றும் விலக்கப்படும் நிலையில் நம் மகள் நிற்கிறாள். சட்டம் தரும் சமத்துவத்தை உயில் எடுத்துவிடுகிறது. அவ்வுயிலின்மேல் பலவேளைகளில் ஜெபமும் ஏறெடுக்கப்படுகிறது.

மற்றொன்றும் உண்டு. நெருங்கிய உறவினருடையவர் சமய, அறப்பணிகளுக்கு உயில்வழிச் சொத்தளிக்கவேண்டுமாயின், மரணத்துக்கு 12 மாதங்களுக்கு முன்னரே அது எழுதப்பட்டிருக்கவேண்டும் என்னும் 118-ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் 2003 ஜூலை 21-இல் நீக்கியது. கிறிஸ்தவரை மட்டும் வேறுபடுத்திய அத்தடை நீங்கியது நன்றே. ஆனால் மரணப்படுக்கையின் அருகில் நிற்கும் ஆயரின் ஆசையைக் கட்டிவைத்த வேலியும் அதனோடு போயிற்று. இனி அவ்வேலி ஆயரின் மனச்சாட்சியில்தான் இருக்கவேண்டும்.

முடிவுரை

சொத்தைப் பங்கிடும்படி சகோதரனுக்குச் சொல்லும் எனக் கேட்டவனை, பங்கிடுபவராகத் தம்மை வைத்தவன் யார் என ஆண்டவர் திருப்பிக் கேட்டாரே. ஆயர்கள் இதில் தலையிடலாமா என மாணவர் கேட்பதுண்டு. ஆண்டவர் நீதிபதியாக மறுத்தார், மௌனமாயிருக்கவில்லை. பொருளாசையைக் குறித்து இருவரும் கேட்கும்படி எச்சரித்து, களஞ்சியங்களை இடித்துக் கட்ட எண்ணிய ஐசுவரியவானின் உவமையையும் கூறினார். பங்கு பிரிப்பது நம் வேலையன்று. அநியாயமான பங்கீட்டுக்குச் சாட்சி நிற்பதும் நம் வேலையன்று.

ஆதலால் உடன் ஊழியருக்கும், நாளை ஊழியராகும் மாணவருக்கும் சிலவற்றை வேண்டுகிறோம். வெஸ்லியின் மூன்று விதிகளைப் பிரசங்கிக்கும்போது அவ்வருளுரை முழுவதையும் பிரசங்கியுங்கள். பணம் எப்படி வந்தது என்னும் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உயிலைப் பற்றிய போதனை திடப்படுத்தல் வகுப்பிலும் திருமண ஆயத்தத்திலும் தொடங்கட்டும். மரணப்படுக்கை அதற்கு மிகவும் பிந்திய இடம். சபைக்குக் கொடுக்க முன்வருபவரிடம், பிள்ளைகள் எல்லாருக்கும் உரியதைக் கொடுத்தீர்களா என முதலில் கேளுங்கள். அவ்வாறு கேட்டதனால் காணிக்கை குறையுமானால் குறையட்டும்.

கிறிஸ்தவ விழுமியங்களைப் பிள்ளைகளுக்குக் கையளிப்பது ஒன்று, சொத்தைக் கையளிப்பது மற்றொன்று என இரண்டாய்ப் பிரித்துப் பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. குடும்ப ஜெபத்தில் தகப்பனார் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் அவர் எழுதிய உயிலோடு ஒப்பிட்டு வாசிக்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் உயிலையே நம்புகிறார்கள்.

நம்மிடம் வந்து கேட்ட அச்சகோதரிக்கு நாம் அன்று கூறியிருக்கவேண்டிய விடை ஒன்றே: ‘அம்மா, அதில் நாம் கையொப்பமிட்டிருக்கக்கூடாது.’ பல ஆண்டுகள் கழித்து அதை அவரிடம் நேரில் கூறினோம். அவர் நம்மை மன்னித்தார். அவருடைய பங்கு இன்றுவரை அவருக்குக் கிடைக்கவில்லை.